திறப்பு யாருடைய கையில்? வன்னியிலிருந்து வலையமைப்புப் பாதுகாப்பு படிப்பது பற்றி

சின்னம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல தமிழில் கதைத்தார்களாம். உதவித்திட்டம் ஒன்றுக்குப் பெயர் பதிவதாகச் சொன்னார்களாம். "அம்மா, இப்ப உங்கட போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு வரும். அதை ஒருக்காச் சொல்லுங்கோ." சின்னம்மா கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் அவருடைய வட்ஸ்அப் அவருக்கே திறக்கவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு "அவசரமாகக் காசு வேணும்" என்று அவருடைய பெயரில் செய்திகள் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு அழைத்து அழுதபோது அவர் காசைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பிள்ளை, அவன்ர படம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய மூத்த மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இடப்பெயர்வுகளில் தப்பிய ஒரேயொரு படத்தை யாரோ போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் படமும், அவனைத் தேடிப் போன இடங்களில் கொடுத்த கடிதங்களின் படங்களும் அந்தப் போனில்தான் இருந்தன.

என் தம்பி அப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். அன்று பின்னேரமே சின்னம்மா வீட்டுக்குப் போனான். போனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "அக்கா, இது ஹக் பண்ணினது இல்லை. ஒருத்தரும் பூட்டை உடைக்கேல்லை. சின்னம்மாவே திறப்பைக் குடுத்திருக்கிறா."

அதே இலக்கத்தை மீண்டும் வட்ஸ்அப்பில் பதிந்து, புதிதாக வந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்ததும் உள்ளே இருந்தவர் வெளியே தள்ளப்பட்டார். பழைய செய்திகளும் படங்களும் சின்னம்மாவின் போனிலேயே சேமிக்கப்பட்டிருந்ததால் அவை பிழைத்தன. ஊடகக் கற்கைகள் படித்த எனக்கு, தம்பி படிக்கும் பாடம் உண்மையில் என்ன என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகு அவனுடைய குறிப்புகளையும் புத்தகங்களையும் வாங்கி வாசித்து, விளங்காததை அவனிடம் கேட்டு அறிந்துகொண்டதே இந்தக் கட்டுரை. உயர்தரம் எழுதிவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கிற பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மூன்று கேள்விகள்

வலையமைப்புப் பாதுகாப்பு என்றதும் இருட்டறையில் பச்சை எழுத்துகள் ஓடும் திரைக்கு முன்னால் இருக்கிற ஒருவரைத்தான் பலர் நினைக்கிறார்கள். அந்தப் படம் சினிமா தந்தது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் மூன்று சொற்களோடு தொடங்குகிறது: இரகசியம், மாறாமை, கிடைத்தல். ஒரு தகவலைப் பார்க்க வேண்டியவர் மட்டும்தான் பார்க்கிறாரா? அது வழியில் மாற்றப்படாமல் வந்து சேர்கிறதா? தேவைப்படும் நேரத்தில் அது கையில் கிடைக்கிறதா? இணையத்தில் நடக்கும் எந்தத் தாக்குதலும் இந்த மூன்றில் ஒன்றையாவது உடைப்பதுதான். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த மூன்றும் புதியவை அல்ல.

இரகசியத்தை எடுத்துக்கொள்வோம். போர் முடிந்தபோது மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே எத்தனை தடவை பதிவு செய்தோம் என்று எங்களில் பலருக்கு எண்ணிக்கை தெரியாது. பிறகு 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல்போனோர் அலுவலகம் என்று தாய்மார் அதே பெயரையும் அதே திகதியையும் அதே இடத்தையும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தத் தகவல்களை இன்று யார் வைத்திருக்கிறார்கள்? அவற்றை யார் திறந்து பார்க்கலாம்? யார் பார்த்தார் என்பதற்குப் பதிவு இருக்கிறதா? இவற்றை நாங்கள் அரசியல் கேள்விகளாகத்தான் கேட்டு வந்திருக்கிறோம். 'அணுகல் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் இதே கேள்விகளைத்தான் தம்பியின் பாடக்குறிப்பும் கேட்கிறது.

இரண்டாவது மாறாமை. ஒரு கோப்பில் ஒரேயொரு எழுத்தை மாற்றினாலும் அதைக் கண்டுபிடிக்க ஒரு கணித முறை உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை ஒரு சூத்திரத்துக்குள் செலுத்தினால் குறித்த நீளமுள்ள ஓர் இலக்கக் கோவை வரும். அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினால் கைரேகையும் மாறிவிடும். இதை ஹாஷ் என்பார்கள். ஒரு காணொளி கிடைத்த அன்றே அதன் கைரேகையைக் குறித்து வைத்தால், பத்து வருடங்களுக்குப் பிறகு "இடையில் மாற்றிவிட்டார்கள்" என்று யாராவது சொல்லும்போது அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2009 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளி ஒன்றை ஒளிபரப்பியது. இலங்கை அரசு அது போலியானது என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் துறைசார் நிபுணர்களைக் கொண்டு அதை ஆராயச் செய்தார். அது உண்மையானது என்பதையே அந்த ஆய்வுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். அந்த விவாதம் முழுவதும் கோப்பு, அசைவு, ஒலி, குறியீட்டு முறை போன்ற தொழில்நுட்ப விடயங்களைச் சுற்றியே நடந்தது. எங்களுடைய சாட்சியத்தைச் சோதித்துச் சொல்லக்கூடியவர்கள் எங்களுக்குள்ளும் இருக்க வேண்டாமா?

மூன்றாவது கிடைத்தல். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு வன்னிக்குள் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடியாமல் போவதும் தகவல் பாதுகாப்பின் தோல்விதான்.

இதில் அரசும் தோற்றிருக்கிறது. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணிமை மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காலாவதியான மென்பொருள் பாவனையில் இருந்தது; அந்தக் காலப்பகுதிக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. தம்பியின் பாடத்தில் இதற்கு எளிமையான விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறிடத்தில்.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் சொப்பின் பை ஞாபகம் வந்தது. பிறப்பத்திரங்கள், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் சுற்றி, ஒவ்வொரு இடப்பெயர்விலும் பங்கருக்குள்ளும் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். ஆனால் பை ஒன்றுதான் இருந்தது. பை தவறியவர்களுக்கு எல்லாமே தவறியது.

ஓமந்தையில் படித்த பயர்வோல்

ஒரு வலையமைப்பின் வாசலில் நிற்கும் காவலுக்குப் பயர்வோல் என்று பெயர். தம்பி இதை எனக்கு விளங்கப்படுத்திய விதம் இது.

சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வருவதென்றால் ஓமந்தையில் இராணுவச் சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. பஸ்ஸால் இறங்கி, பைகளைப் பிரித்துக் காட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன கொண்டுபோகிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி நடக்க வேண்டும். பயர்வோலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. இணையத்தில் போகும் எதுவும் சிறு பொதிகளாக உடைக்கப்பட்டுத்தான் போகிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி, எந்த வாசல் இலக்கம் என்பவை எழுதப்பட்டிருக்கும். பயர்வோலிடம் ஒரு பட்டியல் இருக்கும். மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் வரி என்ன சொல்கிறதோ அதைச் செய்யும். ஒழுங்காக அமைத்த பட்டியலின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மேலே சொல்லப்படாத எதையும் விடாதே.

"அப்ப சின்னம்மாவுக்கு வந்தவனை ஏன் ஒரு பயர்வோலும் மறிக்கேல்லை?" என்று கேட்டேன். "அவனிட்ட சரியான பாஸ் இருந்ததே" என்றான். சாவடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், உண்மையான பாஸோடு வருபவரை அது விடத்தான் செய்யும். அதனால்தான் மனிதர்களை ஏமாற்றி உள்ளே நுழையும் முறைகளும் இந்தப் படிப்பில் ஒரு பெரிய பகுதி.

மறைகுறியாக்கம் அடுத்த பெரிய பகுதி. தடுப்பில் இருந்த பிள்ளைகளிடமிருந்து செஞ்சிலுவைக் குழு மூலம் வந்த படிவக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். உறை கிடையாது. இடையில் யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்துதான் பிள்ளைகள் எழுதினார்கள். "சுகமாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் எதையும் எழுதவில்லை. பூட்டப்படாமல் போகும் இணையப் பொதியும் அப்படித்தான். அதைப் பூட்டி அனுப்பலாம். ஆனால் திறப்பை எப்படி மற்றவரிடம் சேர்ப்பது? திறப்பையும் அதே வழியால் அனுப்பினால் இடையில் நிற்பவர் அதையும் எடுத்துவிடுவாரே.

1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். அடுத்த வருடம் ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் என்ற மூவர் அதன் அடியொற்றி நடைமுறையில் பயன்படக்கூடிய ஒரு முறையைத் தந்தார்கள். நான் திறந்த பூட்டுகளை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்; திறப்பு மட்டும் என்னிடம். எனக்கு எழுதுபவர் என் பூட்டால் பூட்டி அனுப்பினால், அனுப்பியவரால் கூட அதைத் திரும்பத் திறக்க முடியாது. வங்கி இணையத்தளமும் வட்ஸ்அப்பும் இன்று இந்தச் சிந்தனையில் வளர்ந்த முறைகளைத்தான் பாவிக்கின்றன.

ஆனால் இதன் எல்லையையும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டு வழியைத்தான் காக்கும். யார் யாருடன் எப்போது தொடர்புகொண்டார் என்பது அதற்குள் மறையாது. போனையே ஒருவர் வாங்கித் திறந்து பார்த்தால் பூட்டினால் பயனில்லை. விசாரணைக்கு அழைக்கப்பட்டுப் போனை மேசையில் வைத்த எவருக்கும் இது தெரியும்.

எங்கே, எப்படிப் படிப்பது?

இப்போது நடைமுறைக்கு வருவோம். வன்னிப் பிள்ளைகள் இதற்காகக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ஏ9 வீதியோரம் அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்தில் நான்கு வருடக் கணினிப் பொறியியல் கற்கை உண்டு. பம்பைமடுவில் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விஞ்ஞான பீடத்தின் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. இவற்றில் வலையமைப்பும் பாதுகாப்பும் பெரிய கற்கையின் ஒரு பகுதியாகவே வரும். இணையப் பாதுகாப்பையே சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்திப் படிக்கும் ஸ்லிட் போன்ற நிறுவனங்களைப் பார்க்கலாம். அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது.

அனுமதி பற்றி ஒரு விடயம். அரச பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் கொடுக்கப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கணிதப் பிரிவில் மட்டுமல்ல, தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கும் தகவல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு வழி உண்டு.

உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி தவறினால் கதை முடிந்துவிடாது. அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தகவல் தொழில்நுட்பத்தில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம். சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்பு அறிமுகப் பாடங்கள் இணையத்தில் இலவசம். பொதிகளைத் திறந்து பார்க்க உதவும் வயர்ஷார்க், பரிசோதனைக்கான காலி லினக்ஸ் எல்லாமே இலவசம்தான். நல்ல மடிக்கணினி ஒன்று இருந்தால், அதற்குள்ளேயே நான்கைந்து கற்பனைக் கணினிகளை உருவாக்கி, தாக்கவும் தடுக்கவும் பழகலாம்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில். தம்பி முதலாவது அரையாண்டு முழுவதும் விரிவுரையைத் தமிழில் திருப்பி எழுதித்தான் தப்பினான். 2020 இல் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது சிக்னல் தேடிக் குளக்கட்டில் போய் இருந்தான். வலையமைப்பு பற்றிய பாடத்தை வலையமைப்பு இல்லாத ஊரிலிருந்து படித்ததாக இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

கோடு எங்கே இருக்கிறது?

வலையமைப்புப் பாதுகாப்பின் வரலாற்றில் 1988 நவம்பர் 2 ஒரு முக்கியமான நாள். ரொபேர்ட் மொறிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதிவிட்ட ஒரு நிரல் தானாகப் பரவி, அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 அளவானவற்றை முடக்கியதாகக் கணக்கிடப்பட்டது. சேதம் செய்வது நோக்கம் அல்ல என்றார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. கணினி அவசரநிலைக் குழு என்ற ஒன்று முதன்முதலில் உருவானது அதன் பின்புதான். இலங்கையில் அத்தகைய அமைப்பு 2006 இல் தொடங்கியது.

அதே புத்தகங்களில் எங்களுடைய பெயரும் வருகிறது. 1998 இல் 'இன்ரநெற் பிளாக் ரைகர்ஸ்' என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல்கள் வீதம் இரண்டு வாரங்கள் அனுப்பி அவற்றின் தொடர்பை முடக்க முயன்றதை, 2000 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் குழு ஒன்றின் முன் பேராசிரியர் டொரத்தி டெனிங் குறிப்பிட்டார். அன்றிலிருந்து உலகெங்கும் இணையத் தாக்குதல் பற்றிய பாடங்களில் அது உதாரணமாகிவிட்டது. தம்பி அதை இரவில் தனியே வாசித்தானாம். "எங்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில இருந்தது அது ஒண்டுதான் அக்கா" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைய முயல்வதே குற்றம். எதையும் அழித்திருக்கத் தேவையில்லை. ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே சட்டத்தில் தேசிய பாதுகாப்பு தொடர்பான தனிப் பிரிவும் உண்டு. 2020, 2021 காலப்பகுதியில் பேஸ்புக் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானதை நாங்கள் பார்த்தோம். பாடசாலை வைபையை விளையாட்டாக உடைத்துப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு வேறு ஊரில் கிடைக்கும் கண்டிப்பு முல்லைத்தீவில் கண்டிப்போடு நிற்கும் என்று நம்பி நான் எழுத மாட்டேன்.

ஆகவே படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். உங்களுடைய சொந்தக் கணினியில், அல்லது பரிசோதனை கூடத்தில், அல்லது உரிமையாளர் எழுத்தில் தந்த அனுமதியோடு மட்டும் சோதியுங்கள். வாய்ச்சொல் அனுமதி போதாது. இந்தத் தொழிலில் உலகம் முழுவதும் இதுதான் வழக்கம்.

படித்து என்ன பயன்?

படித்தவர்கள் பலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் கூடியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் இங்கே இருக்கும் தேவையையும் பாருங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் கணினிக்கு வந்துவிட்டன. பாடசாலைகளின் பதிவுகள் வந்துவிட்டன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வெளிநாட்டுக் காசு போன் வழியாக வருகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் சேர்த்து வைத்திருக்கும் படங்களும் பட்டியல்களும் பெரும்பாலும் போன்களில்தான் இருக்கின்றன. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களுடைய தகவலில் எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையைக் கேட்பதற்கு, தகவல் எப்படிப் போகிறது, எங்கே தங்குகிறது என்று தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் வேண்டும். நான்கு மாவட்டங்களுக்கும் பத்துப் பேர் இங்கேயே நின்றால் கூட நிலைமை மாறும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. ஆறு இலக்கம் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம். வங்கியும் கேட்காது, கிராம அலுவலரும் கேட்க மாட்டார். வட்ஸ்அப்பில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்பதை இயக்கி உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசிய இலக்கம் ஒன்றைப் போடுங்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் போனில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பிரதியை இன்னொரு வீட்டில் வையுங்கள். கணக்கு பறிபோனால் உடனே மீண்டும் பதியுங்கள். மற்றவர் இரகசிய இலக்கம் போட்டிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டிவரும், ஆனாலும் அவர் வெளியேறிவிடுவார். உறவினருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். இலங்கைக் கணினி அவசரநிலைக் குழுவின் இலக்கம் 101.

சின்னம்மாவுக்கு இரகசிய இலக்கம் போடும்போது அவர் மகனுடைய பிறந்த திகதியைத்தான் சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எத்தனையோ படிவத்தில எழுதிக் குடுத்த திகதி சின்னம்மா. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டு சொல்லுங்கோ" என்றான். அவர் யோசித்து ஓர் இலக்கம் போட்டார். அது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவனுடைய படத்தின் ஒரு பிரதி இப்போது கிளிநொச்சியில் என்னிடமும், இன்னொன்று கனடாவிலும் இருக்கிறது.

போன கிழமை சின்னம்மா அழைத்தார். "பிள்ளை, இண்டைக்கும் ஒருத்தன் எடுத்து இலக்கம் கேட்டவன். நான் குடுக்கேல்லை. போராட்டக் கொட்டிலில இருக்கிற மற்ற ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்."